பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு: இந்த வாரக் கடிதங்கள்

1988-ல் பிறந்தேன். பள்ளிச் சான்றிதழ் மட்டும்தான் உண்டு. புதுச் சட்டப்படி செல்லாதாமே? (தேனி)

செல்லும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தம் பிறப்புச் சான்றிதழைப் பிறந்த தேதிக்கு ஒரே ஆதாரமாக ஆக்கியது 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குத்தான்.

அப்பா மதுரையில் மருத்துவமனையில் காலமானார். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. பதிய மறுக்கிறார்.

அவர் செய்தது சரி. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. மதுரை மாநகராட்சியில் கேளுங்கள். இதை எத்தனை முறை எழுதுவது? சொந்த ஊர் அல்ல, நடந்த இடம்.

இறப்புச் சான்றிதழில் காரணம் இல்லை. காப்பீட்டுக்குக் கேட்கிறார்கள்.

அதில் காரணம் வராது, சட்டமே தடுக்கிறது. இறப்புக்கான காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் நகலை மருத்துவமனை நெருங்கிய உறவினருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2023 திருத்தத்தில் வந்த நல்ல விஷயம் இது. கேட்டு வாங்குங்கள்.

திருமணம் திருச்செந்தூரில், குடியிருப்பது கோவையில். 100 நாள் ஆகிவிட்டது.

கோவையிலேயே பதியலாம், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின் 2020 திருத்தம் அதற்கு வழி செய்தது. 90 நாள் தாண்டியதால் கூடுதல் கட்டணம் உண்டு. 150 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

மகனுக்கு 14 வயது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. இப்போது சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இந்த வாரமே போங்கள். முதல் ஓராண்டு வரை கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். இவ்வளவு எளிய வேலையை 14 ஆண்டு தள்ளிப்போட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் பதிவாளராக இருந்தபோது ஒரு தாய் மகளின் சான்றிதழைக் கொண்டுவந்தார். கசங்காமல் லேமினேட் செய்து வைத்திருந்தார். பெயர்க் கட்டத்தில் வெறும் கோடு. பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில்தான் அவருக்கே தெரிந்தது. பெயர் வைக்க நாள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்த மறுநாளே அலுவலகம் போய்விடுங்கள். உங்கள் மகனுக்கு, பள்ளிப் பதிவேட்டில் உள்ள அதே எழுத்து, அதே இனிஷியலில் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை ஏறிய பெயரை விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

சான்றிதழில் தவறு. என்ன செய்ய?

எந்தச் சான்றிதழ், என்ன தவறு, எந்த ஆண்டு? விவரம் எழுதுங்கள்.

பாட்டி இறந்து 3 வருடம், யாரும் பதியவில்லை.

30 நாள் வரை பதிவாளர் போதும். ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளர் அனுமதி. உங்களுக்கு இரண்டுமே கடந்துவிட்டது. வருவாய் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். மனு கொடுக்கும்முன், பாட்டி இறந்தது எந்த ஊர் எல்லையில் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.