'நியூ வேர்ல்ட்' பார்க்க முடியாத அளவுக்குக் கொடூரமான படமா?

பார்க்கலாம், ஆனால் பார்க் ஹூன்-ஜங் இயக்கிய இந்த 2013ஆம் ஆண்டுத் தென்கொரிய ரவுடிப் படத்தின் தொடக்கக் காட்சியே வயிற்றைப் பிசையும். தென்கொரியாவில் தனியார் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு என்பதால், அந்நாட்டு ரவுடிப் படங்களில் பெரும்பாலும் கத்தியும் மட்டையுமே பேசுகின்றன. கொல்பவன் எதிராளியின் மூச்சுப்படும் தூரத்தில் நிற்க வேண்டியிருப்பதுதான் அவ்வன்முறையை இவ்வளவு கனமாக்குகிறது. ரவுடித் தலைவர்களில் ஒருவராக நடித்த ஹ்வாங் ஜங்-மின் லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டு கத்திக்கூட்டத்துடன் மோதும் காட்சியில் சாகசத்தைவிட மூச்சுத்திணறலே மேலோங்குகிறது. எனினும், என்னை அதிகம் உலுக்கியது ரத்தமன்று. ரவுடிக் கூட்டத்துக்குள் பல ஆண்டுகள் உளவாளியாக வாழும் காவலரை (லீ ஜங்-ஜே), சோய் மின்-சிக் நடித்த மேலதிகாரி சற்றும் இரக்கமின்றிப் பகடைக்காயாக நகர்த்துவதே. (ஹ்வாங்கின் நடிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.) இரவு உணவுக்கு முன் மட்டும் வேண்டாம்.