கார் ஏற்றும் டிரெய்லர்: வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: பழைய செடான் கார் ஒன்றைச் சரிபண்ணி வைத்திருக்கிறேன். எடை 1,400 கிலோ. கண்காட்சிகளுக்கு ஏற்றிப்போக டிரெய்லர் வாங்க வேண்டும். 16 அடி போதுமா, 18 அடி வேண்டுமா? ஒற்றை அச்சா, இரட்டை அச்சா?

பதில்: டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அடிக்கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடையைக் கூட்டுங்கள். கார் 1,400 கிலோ. அதன் டிக்கியில் போட்டுக்கொண்டு போகும் ஸ்பானர் பெட்டி, ஜாக்கி, உதிரிச் சக்கரம் எல்லாம் சேர்த்து 100 என்று வையுங்கள். திறந்த இரட்டை அச்சு டிரெய்லர் வெறும் வண்டியாகவே 900 கிலோ பக்கம் வரும். ஆக, ரோட்டில் உருளப்போவது 2,400 கிலோ.

இப்போது அச்சுக் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிட்டது. பரவலாக விற்கும் அச்சு ஒன்று ஏறத்தாழ 1,600 கிலோ தாங்கும். ஒன்றால் ஆகாது, இரண்டு வேண்டும். டிரெய்லரின் மொத்த எடை வரம்பு சேசிஸில் அடித்த தகட்டில் இருக்கும். விற்கிறவர் வாயால் சொல்லும் எண்ணைக் காதில் வாங்காதீர்கள், தகட்டைப் படியுங்கள். உங்களுக்கு 3,000 கிலோவுக்குக் குறையாத வண்டி தேவை. அச்சு இரண்டாக இருந்தால் இன்னொரு வசதி: ஒரு டயர் வெடித்தாலும் வண்டி குப்புற விழாமல் ஓரங்கட்ட நேரம் கிடைக்கும்.

இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் பாருங்கள். 'என் வண்டி மலையையே இழுக்கும்' என்பார்கள். இழுக்கட்டும், நிற்குமா? அதன் கையேட்டில் இழுவை வரம்பு, ஹிட்ச்சின் (டிரெய்லரை மாட்டும் பின்கொக்கி) மேல் இறங்கக்கூடிய எடை, வண்டிக்குள் ஏற்றக்கூடிய எடை என்று மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண்ணைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டிரெய்லர் கொக்கி வழியாக 250 கிலோ இறங்கினால், நான்கு பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அதே கணக்கில்தான் அதுவும் சேரும்.

நீளம்? 18 அடி வாங்குங்கள். காரை ஒரு முழம் முன்னும் பின்னும் நகர்த்த இடம் வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: புது டிரெய்லர்தான். காரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 80 கி.மீ. தாண்டினால் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிகிறது. அச்சு கோணலா?

பதில்: அச்சு கோணலாக இருந்தால் டயர் ஒருபக்கமாகத் தேயும். அதைப் பார்த்துவிடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் 'காரின் எஞ்சின் பின்னால் இருப்பதால்' என்று ஒரு வரி போகிறபோக்கில் வருகிறதே, சங்கதி அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குப் பின்பாரம் ஆகிறது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரில் நுகத்தடி இருக்கும் இடத்தில் கப்ளர், அதாவது ஹிட்ச்சின் உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. அதன் மேல் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உட்கார வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள வழக்கம். ஐரோப்பிய கார்களில் ஹிட்ச்சின் வரம்பே பெரும்பாலும் 75, 100 கிலோதான் என்பதால் அங்கே சதவீதம் குறைவாகவும் வேகம் குறைவாகவும் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஹிட்ச்சில் என்ன அடித்திருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது.

காரைக் கொஞ்சம் நகர்த்தினால் எவ்வளவு மாறும் என்று ஒரு கணக்குப் போடலாம். கப்ளரிலிருந்து இரண்டு அச்சுகளின் நடுவுக்கு 4 மீட்டர், கார் 1,400 கிலோ என்று வையுங்கள். காரை 10 செ.மீ. முன்னே தள்ளினால் கொக்கி மேல் 35 கிலோ கூடும். 30 செ.மீ. தள்ளினால் 105 கிலோ. ஒரு சாண் வித்தியாசத்தில் வண்டியின் குணமே மாறிவிடும். முன்னே தள்ள இடம் இல்லையென்றால், எஞ்சின் பின்னால் இருக்கும் காரை ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள்.

அளப்பதும் சுலபம். எடைமேடையில் முதலில் இழுக்கும் வண்டியை மட்டும் நிறுத்தி எடை எடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை. சரியான இடம் கிடைத்ததும், காரின் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தட்டின் மேல் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்தமுறை ஏற்றும்போது யோசிக்கவே வேண்டாம்.

ஓடும்போதே நெளிய ஆரம்பித்தால்: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் வெட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். இழுக்கும் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், அது டிரெய்லரை முன்னுக்குத் தள்ளும். டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், ஓட்டுகிறவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் அதன் கைப்பிடியை மட்டும் மெதுவாக அழுத்துங்கள், டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேராகும்.

கேள்வி: திறந்த டிரெய்லரா, மூடிய பெட்டி டிரெய்லரா?

பதில்: மழை, கல்லடி, திருட்டு மூன்றுக்கும் பெட்டிதான் நல்லது. ஆனால் வெறும் பெட்டியே 1,600 கிலோ முதல் 2,000 கிலோ வரை வரும். பக்கக்காற்று அதன் சுவரில் அடிக்கும்போது இழுக்கும் வண்டிக்குத்தான் வேதனை. பெட்டிக்குள் காரை ஏற்றியபின் கதவைத் திறக்க இடம் இல்லாமல் ஜன்னல் வழியாக வெளியே வரும் நிலைமையும் உண்டு. பக்கவாட்டில் தப்பிக்கும் கதவு வைத்த மாடலாகப் பார்த்து எடுங்கள். ஆண்டுக்குச் சில தடவை மட்டும் போகிறவருக்குத் திறந்ததே போதும் என்பேன்.

திறந்ததில் போகும்போது காருக்குக் கவர் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். காற்றில் படபடத்துக்கொண்டே வரும் துணி பெயின்ட்டை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

கேள்வி: காரைக் கட்ட எத்தனை பெல்ட்? சேசிஸில் மாட்டுவதா, சக்கரத்திலா? நண்பர் ஒருவர் முன்னால் இரண்டு போதும், பின்னால் ஹேண்ட்பிரேக் பார்த்துக்கொள்ளும் என்கிறார்.

பதில்: உங்கள் நண்பரின் காருக்குப் பின்னால் வண்டி ஓட்டிப்போக நான் தயாரில்லை. நான்கு மூலைக்கு நான்கு பெல்ட், ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரே நீள பெல்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால், அது அறுந்தால் இரண்டு பக்கமும் போச்சு.

ரேட்செட் பெல்ட்டில் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பெல்ட்) தைத்திருக்கும் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கலாம். பெரிய எழுத்தில் விளம்பரமாகப் போடுவது அறுபடும் எடை. நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது பயன்படுத்தும்போது ஏற்றக்கூடிய சுமை வரம்பு, அமெரிக்க பெல்ட்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குதான். 2 அங்குல அகல பெல்ட் என்றால் 4,500 கிலோவில் அறும், 1,500 கிலோவுக்குப் பயன்படுத்தலாம். லேபிள் கிழிந்துபோன பெல்ட்டை நான் தார்ப்பாய் கட்ட வைத்துக்கொள்வேன், கார் கட்ட மாட்டேன்.

எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு ஒரே கருத்துதான்: சக்கரம். டயரைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் போட்டால், மேடுபள்ளத்தில் காரின் உடம்பு தன் ஸ்பிரிங் மேல் ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. பாடியில் மாட்டி இழுத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கி பெல்ட் ஒரு நொடி தொய்யும், பெல்ட்டின் கொக்கி கழன்று விழ அந்த ஒரு நொடி போதும். பழைய கார்களில் பின் அச்சுக் குழாயைச் சுற்றி மாட்டலாம், தப்பில்லை. பிரேக் ஹோஸ் மேலோ ஏபிஎஸ் வயர் மேலோ பெல்ட் படுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு இழுங்கள். ஸ்டீயரிங் ராடில் மாட்டவே கூடாது.

கட்டும் முறை இது. முன்பக்கம் இரண்டையும் மாட்டி, காரைப் பின்னே உருளவிட்டு அவை விறைக்கும்வரை விடுங்கள். பிறகு பின்பக்கம் இரண்டையும் ரேட்செட்டில் இறுக்குங்கள். ரேட்செட் தண்டில் பெல்ட் இரண்டு மூன்று சுற்றாவது விழ வேண்டும், ஒரு சுற்று வழுக்கும். மிச்சம் தொங்கும் வாலை முடிச்சுப் போட்டு வையுங்கள். காற்றில் பெல்ட் 'ஹும்' என்று பாடினால் அதில் அரைத் திருகு ஒன்று கொடுங்கள், அடங்கிவிடும். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கும் இழுத்துவிடுங்கள். 20 கி.மீ. போனதும் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், ஒரு பல் இரண்டு பல் இறுக்க வேண்டியிருக்கும்.

டிரெய்லர் தளத்தில் பெல்ட்டை மாட்டும் டி-வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகைத் தளத்தில் வெறும் மரத்தைத் துளைத்து போல்ட் போட்ட வளையத்தை நம்பாதீர்கள். அடியில் சேசிஸ் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது தடித்த இரும்புத் தகடு கொடுத்திருக்க வேண்டும். பெல்ட் 1,500 கிலோ தாங்கி என்ன பயன், வளையம் பலகையோடு பிய்ந்து வந்தால்?

கேள்வி: தரையோடு தரையாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ராம்ப்பில் ஏற்றினால் முன் பம்பர் இடிக்கிறது.

பதில்: தட்டின் உயரம் அரை மீட்டர், ராம்ப் 1.5 மீட்டர் என்றால் சாய்வு 19 டிகிரிக்கு மேல். உங்கள் கார் 10 டிகிரிக்கே மூக்கை இடிக்கும். ராம்ப்பை 3 மீட்டர் ஆக்கினால்தான் 10-க்குக் கீழே வரும். அவ்வளவு நீளத்தைத் தூக்கிவைக்க முடியாதே என்றால், பின்பகுதி கீழ்நோக்கிச் சரியும் தட்டு உள்ள டிரெய்லரை எடுங்கள். இல்லாவிட்டால் ராம்ப்பின் நுனிக்கு முன்னால் பலகை அடுக்குங்கள். இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களை மேடான இடத்தில் நிறுத்துவதும் உதவும்: கொக்கி உயரும், டிரெய்லரின் வால் தாழும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. கார் ராம்ப்பில் ஏறும்போது மொத்த எடையும் டிரெய்லரின் வாலில் விழுகிறது. கொக்கி மேலே தூக்கும். அதோடு சேர்ந்து இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் தூக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை தரையில் அழுந்தாவிட்டால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லை, இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே உருளும். அதனால் ஏற்றுமுன் வாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டு கொடுங்கள், முன்வண்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கொக்கியில் மாட்டாமல் தனியாக நிற்கும் டிரெய்லரில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல.

கேள்வி: ஓடாத காரை ஏற்ற வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) எவ்வளவு பெரியது வேண்டும்?

பதில்: காரின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு. சும்மா உருளும் காருக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் டயரில் காற்றில்லாமல் பிரேக் பிடித்துக்கொண்ட காருக்கு வேண்டும். வின்ச்சில் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே அடுக்கு ஏற ஏறக் குறையும். கம்பிக் கயிறு என்றால் இழுக்கும்போது அதன் மேல் கனமான சாக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள், அறுந்தாலும் எகிறி அடிக்காது. பயணத்தில் வின்ச் கயிறு காரைப் பிடித்திருக்கக் கூடாது. அதன் வேலை ஏற்றுவதோடு முடிந்தது.

கேள்வி: பயன்படுத்திய டிரெய்லர் ஒன்று பார்த்திருக்கிறேன். பெயின்ட் புதுசு, டயர் பட்டன் அப்படியே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: புதுப் பெயின்ட் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். இலை ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளிலும், கப்ளரைத் தாங்கும் முன் நாக்குச் சட்டம் தட்டோடு சேரும் இடத்திலும்தான் வெல்டிங் விரிசல் வரும். பெயின்ட்டுக்கு அடியில் மேடாக ஏதாவது தட்டுப்பட்டால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

பட்டன் தேயாத டயர் நல்ல டயர் என்று அர்த்தமில்லை. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் டயர் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். காற்று, டயரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. கார் டயரை டிரெய்லரில் போடலாமா என்று கேட்காதீர்கள்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிடுங்கள். கரகரவென்றால் பேரிங் போயிற்று. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. வாங்கியதும் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வைத்துவிடுங்கள், முந்தைய சொந்தக்காரர் வைத்ததாகச் சொன்னாலும். முதல் ஓட்டத்தில் வழியில் நிறுத்தும் இடத்திலெல்லாம் ஹப்பின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ மக்கர் பண்ணுகிறது. சக்கர நட்டுகளை முதல் 80, 100 கி.மீ.யில் ஒருமுறை டார்க் ஸ்பானரால் சரிபாருங்கள்.

கப்ளரில் அடித்திருக்கும் அளவும் உங்கள் ஹிட்ச் பாலின் (கப்ளர் கவ்வும் உருண்டை) அளவும் ஒன்றுதானா? 2 அங்குல பால், 2 5/16 அங்குல கப்ளருக்குள் சமர்த்தாக உட்கார்ந்ததுபோல் தெரியும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்று வரும். பாதுகாப்புச் சங்கிலிகளை நாக்குக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் அதில் தொங்கும்.

கடைசியாக, டிரெய்லர் கழன்று பிரிந்தால் தானே பிரேக் போடும் சுவிட்ச். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு சின்ன பேட்டரியோடு இருக்கும். சுவிட்ச்சில் செருகியிருக்கும் ஊசியை இழுத்துவிட்டு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. உருண்டால் பேட்டரி, வயரிங், பிரேக் மூன்றில் எது செத்தது என்று கண்டுபிடிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.