கேளுங்க சொல்றேன்: கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி

கே: எங்க ஆபீஸுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு. அரசாங்கத்துக்கு பொருளாதார ஆலோசகரா இருந்தவர் ஒருத்தர், காலைல டிபனோட ஒரு பேச்சு, முடிஞ்சதும் அவர் எழுதின புக்ல கையெழுத்து போட்டுத் தர்றாராம். எனக்கு பொருளாதாரம் சுத்தமா தெரியாது, கணக்குப் பிரிவுல கிளார்க் வேலை. பெரிய பெரிய ஆளுங்க நடுவுல முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனோன்னு பயமா இருக்கு. போகலாமா? போனா என்ன கேக்கறது?
(ஒரு வாசகி)

ப: கண்டிப்பா போங்கம்மா. பொருளாதாரம் தெரிஞ்சவங்கதான் போகணும்னா இந்த மாதிரி கூட்டமே தேவையில்ல, அவங்களுக்குள்ளயே பேசிக்குவாங்க. காலைக் கூட்டத்துல ஒரு வசதி, எல்லாரும் அப்படியே வேலைக்கு ஓடணும், அதனால பேசறவரும் இழுக்க மாட்டார். கொஞ்சம் முன்னாடியே போய் சாப்பிட்டு முடிச்சுட்டு மைக் சுத்தி வர்ற பக்கமா உக்காந்துக்கோங்க, பின் வரிசைல உக்காந்தா உங்ககிட்ட மைக் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஆலோசகர் முடிவு எடுக்கற ஆள் கிடையாது. நம்ம நாட்டையே எடுத்துக்கோங்க, தலைமைப் பொருளாதார ஆலோசகர்னு நிதி அமைச்சகத்துல ஒருத்தர் இருப்பார், பட்ஜெட்டுக்கு முன்னாடி பார்லிமெண்ட்ல வைக்கிற பொருளாதார ஆய்வறிக்கை அவர் தலைமைலதான் தயாராகும். பட்ஜெட்டை வாசிக்கறது அமைச்சர். ரெண்டும் ஒரே அமைச்சகத்துல இருந்து வந்தாலும் ரெண்டும் ஒரே பேச்சு பேசணும்னு கட்டாயம் இல்ல. 2016-17 ஆய்வறிக்கைல எல்லாருக்கும் அடிப்படை வருமானம் குடுக்கறதைப் பத்தி ஒரு முழு அத்தியாயமே இருந்துச்சு, அப்போ ஆலோசகரா இருந்தவர் அரவிந்த் சுப்ரமணியன். 2017 ஜனவரி 31ல அறிக்கை வந்துச்சு, மறுநாள் வந்த பட்ஜெட்ல அந்தத் திட்டம் இல்ல.

அதனால நான் சொல்ற முதல் கேள்வி இதுதான்: "நீங்க சொல்லி அரசாங்கம் கேக்காம விட்ட யோசனை எது, அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" இதைக் கேக்க எந்தப் படிப்பும் வேண்டாம். தைரியம் இருந்தா இன்னொண்ணும் கேளுங்க: "நீங்க சொல்லி, அவங்களும் கேட்டு, தப்பாப் போனது எது?" முதல் கேள்விக்கு எல்லாரும் சந்தோஷமா பதில் சொல்லுவாங்க, ஏன்னா அதுல தப்பு அரசாங்கத்தோடது ஆயிரும், ரெண்டாவது கேள்விலதான் ஆள் யாருன்னு தெரியும்.

நான் ஒரு தடவை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்வரிசைல ஒரு வயசான அம்மா, டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்கன்னு அவங்களே சொன்னாங்க, எழுந்து இந்த ரெண்டாவது கேள்வியைத்தான் கேட்டாங்க. அதுவரைக்கும் சரளமா பேசிட்டிருந்தவர் கைல இருந்த ஸ்பூனை தட்டு ஓரமா வச்சிட்டு ரொம்ப நேரம் மேஜையையே பாத்துட்டிருந்தார், காபி ஆறி ஏடு படிஞ்சு போச்சு, ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அப்புறம் மெதுவா ஒரு திட்டத்தைப் பத்திச் சொன்னார், காகிதத்துல வந்த எண்ணிக்கையை நம்பிட்டேன், ஒரு நாள் நேர்ல போய்ப் பாத்திருக்கலாம்னார். அன்னிக்கு அவர் பேசின மத்ததெல்லாம் எனக்கு மறந்து போச்சு, இது மட்டும் நிக்குது.

பதில் கேக்கும்போது பொறுமை வேணும், ஏன்னா யோசனைங்க நேர் கோட்டுல போறதில்ல. 2011ல கௌசிக் பாசு ஆலோசகரா இருந்தப்போ ஒண்ணு எழுதினார். நமக்கு உரிமையா கிடைக்க வேண்டிய வேலைக்கே லஞ்சம் புடுங்கறாங்க இல்லயா, அந்த மாதிரி இடத்துல குடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது, அப்போதான் அவர் தைரியமா போய் புகார் குடுப்பார்னு. பயங்கர எதிர்ப்பு, லஞ்சத்தை நியாயப்படுத்தறார்னு கத்தினாங்க. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினப்போ லஞ்சம் குடுக்கறதும் குற்றம்னு வந்துச்சு, ஆனா கட்டாயத்தால குடுத்தவர் 7 நாளைக்குள்ள புகார் குடுத்தா தப்பிக்கலாம்னு ஒரு வழியும் வச்சாங்க. அவர் எழுதினதாலதான் இது வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. யோசனையை ஏத்துக்கிட்டாங்களா தள்ளிட்டாங்களான்னு ஒரே வார்த்தைல சொல்ல முடியாத இடம் இது, இந்த மாதிரி இடத்தைப் பத்தி அதுக்குள்ள இருந்தவர் வாயால கேக்கறதுதான் ருசி.

கே: பதவில இருக்கறப்போ வாயே திறக்காம இருந்துட்டு வெளிய வந்ததும் புக் போட்டு உண்மை பேசறாங்களே, இது என்ன நியாயம்?
(ஒரு கல்லூரி மாணவர்)

ப: உங்க கோபம் நியாயமானது தம்பி. மேல சொன்ன அரவிந்த் சுப்ரமணியனையே இதைக் கேட்டாங்க. 2016 நவம்பர்ல பணமதிப்பிழப்பு வந்தப்போ அவர்தான் ஆலோசகர், 2018ல பதவியை விட்டு வந்தப்புறம்தான் புத்தகத்துல அது மிகக் கடுமையான அதிர்ச்சின்னு எழுதினார், அன்னிக்கே சொல்லியிருக்கலாமேன்னு பல பேர் கேட்டாங்க.

இன்னொரு பக்கமும் பாருங்க. கதவுக்கு உள்ள சண்டை போடறவர் அதையே வெளிய வந்து மைக்ல சொன்னா மறுநாள்ல இருந்து அவரை உள்ள கூப்பிட மாட்டாங்க, அப்புறம் அந்த நாற்காலில தலையாட்டற ஆள்தான் உக்காருவார். வள்ளுவர் அமைச்சு அதிகாரத்துல சொல்றாரே, அரசன் அறிவுள்ளவங்க பேச்சைத் தள்ளிட்டு, தனக்கும் தெரியாம இருந்தாலும், பக்கத்துல இருக்கறவன் நல்லதை எடுத்துச் சொல்றது கடமைன்னு. அரசன் காதுல சொல்லிட்டா அந்தக் கடமை தீந்துருமா? என் கருத்தைக் கேட்டா, கோடிக்கணக்கான பேர் வயித்துல அடிக்கற விஷயம்னா ராஜினாமா பண்ணிட்டு அன்னிக்கே பேசணும், மத்த வேறுபாட்டுக்கெல்லாம் வெளிய வந்து எழுதறது போதும்.

படிக்கும்போது ஒண்ணு கவனிங்க, எப்போ எழுதினது? பிரிட்டன்ல கொரோனா நேரத்துல தலைமை அறிவியல் ஆலோசகரா இருந்த பேட்ரிக் வாலன்ஸ் ராத்திரி ராத்திரி நோட்டு எழுதி வச்சிருந்தார், யாரும் படிக்கறதுக்காக இல்ல, மனசுல இருக்கறதைக் கொட்டறதுக்காக. 2023 விசாரணைல அது வெளிய வந்தப்போ உள்ள எவ்வளவு குழப்பம்னு ஊருக்கே தெரிஞ்சுது. அந்த ராத்திரியே எழுதினதுக்கும், முடிவு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சப்புறம் நிதானமா உக்காந்து எழுதினதுக்கும் வித்தியாசம் உண்டு. முடிவு தெரிஞ்சவங்க "நான் அப்பவே சொன்னேன்"னு எழுதுவாங்க, வேணும்னே பொய் சொல்றாங்கன்னு இல்ல, ஞாபகமே அப்படித்தான் மாறிக்கும். அதனால அவர் பதவில இருந்த காலத்துல வந்த அறிக்கை, பேட்டியெல்லாம் எடுத்து பக்கத்துல வச்சுப் படிங்க.

கே: அவங்க எல்லா ரகசியத்தையும் புக்ல எழுதிட முடியுமா?

ப: முடியாது. நம்ம நாட்டுல அலுவல் ரகசியச் சட்டம் 1923ல இருந்தே இருக்கு, உளவு, பாதுகாப்பு அமைப்புல இருந்து ரிட்டயர் ஆனவங்க முன் அனுமதி வாங்காம எழுதக்கூடாதுன்னு 2021ல ஓய்வூதிய விதியையே திருத்தினாங்க. அமெரிக்கால தேசியப் பாதுகாப்பு ஆலோசகரா இருந்த ஜான் போல்டன் புத்தகத்தைத் தடுக்க 2020ல அரசாங்கமே கோர்ட்டுக்குப் போச்சு, ஆனா பிரதிங்க ஏற்கனவே ஊர் பூரா போயிருச்சுன்னு நீதிபதி தடை குடுக்கல.

கே: கையெழுத்து வாங்கும்போது எப்படி நடந்துக்கணும், எதாவது பேசலாமா?

ப: பேசலாம், ஒரே ஒரு வாக்கியம். பின்னாடி வரிசை நிக்குது. உங்க பேரை ஒரு சின்னத் தாள்ல தெளிவா எழுதி புக்குக்குள்ள சொருகிக்கோங்க, அவர் எழுத்துக்கூட்டிக் கேக்க வேண்டியதில்ல. தலைப்பு இருக்கற உள்பக்கத்தைத் திறந்து நீட்டுங்க, அட்டையை நீட்டாதீங்க. போட்டோ வேணும்னா போனை முன்னாடியே பக்கத்துல நிக்கறவங்க கைல குடுத்துருங்க. "உங்க ரசிகை"ன்னு சொல்றதை விட "இந்த இடம் எனக்குப் புரியல"ன்னு ஒரு பக்கத்தைக் காட்டினீங்கன்னா அவர் நிமிந்து பாப்பார், எழுதினவருக்கு தன் புத்தகத்தைப் படிச்ச ஆளைப் பாக்கறதை விட சந்தோஷம் என்ன இருக்கு சொல்லுங்க. அன்னிக்கு கூட்டத்துல நான் ஒரு சந்தேகம் கேட்டப்போ வரிசை நீளமா இருந்துச்சு, அவரால பதில் சொல்ல முடியல. கையெழுத்துக்குக் கீழ ஒரு பக்க எண்ணை எழுதி, அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுக் குடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திறந்தேன்.