எம்பிஏ விண்ணப்பத்துக்கு மாதிரிக் கட்டுரைகளைப் படிப்பது உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் உங்கள் முதல் டிராஃப்டை எழுதி முடித்த பிறகு படியுங்கள்.

முன்கூட்டியே பத்து மாதிரிகளைப் படித்தால் முதலில் கெடுவது நடை இல்லை, சம்பவத் தேர்வு. மாதிரிகளில் பெரிய தொகை, பெரிய குழு, கடைசி நிமிடத்தில் காப்பாற்றிய புராஜெக்ட் என்றே வரும். நாமும் அந்த அளவுக்கு ஏதாவது தேறுமா என்று தேட ஆரம்பிப்போம். வாடிக்கையாளரிடம் தன் கணக்குத் தவறைத் தானே போய் ஒப்புக்கொண்ட சின்னச் சம்பவம் 'இதெல்லாம் ஒரு சாதனையா' என்று ஓரம் போய்விடும். பெரும்பாலும் அதுதான் நல்ல கட்டுரையாக வந்திருக்கும்.

படிக்கும் முன் மாதிரி எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பல ஆண்டுகள் 900 சொல் வரம்பில் ஒரே பொதுக் கேள்வி கேட்டது. 2024இல் அதை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் வைத்தது: தொழில் நோக்கத்துக்கு 300 சொல், தலைமைக்கு 250, வளர்ச்சிக்கு 250. பழைய மாதிரியின் நிதானத்தில் புதிய கேள்விக்கு எழுதினால் முன்கதையிலேயே பாதி இடம் போய்விடும். ஸ்டான்ஃபோர்டின் 'உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன்?' நெடுங்காலமாக மாறாததால் அதற்கான பழைய மாதிரிகள் இன்றும் பயன்படும். அவற்றில் 'எது' என்பதைவிட 'ஏன்' எத்தனை வரி பிடித்திருக்கிறது என்று கவனியுங்கள். எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளியான ஸ்லோன் கேட்பது கவர் லெட்டர், அதாவது தன்னை அறிமுகப்படுத்தும் கடிதம். அதற்கு வேறு பள்ளியின் கட்டுரை மாதிரி ஆகாது.

நான்கைந்து மாதிரிகள் போதும். ஒவ்வொன்றையும் நான்கு நிறங்களில் கோடிடுங்கள்: சூழல், அவர் செய்தது, அந்த நேரத்தில் யோசித்தது, அதற்குப் பிறகு அவரிடம் மாறியது. நிறவாரியாகச் சொற்களை எண்ணுங்கள். பிறகு உங்கள் டிராஃப்டுக்கும் அதையே செய்யுங்கள். 250 சொல் கட்டுரையில் சூழல் 60 சொல்லைத் தாண்டினால் வெட்ட வேண்டும் என்பது என் கணக்கு. முதல் டிராஃப்டுகளில் அது 150 வரை போகும், மூன்றாவது நிறம் இருக்கவே இருக்காது. 'நாங்கள் செய்தோம்' என்று வரும் இடங்களையும் வட்டமிடுங்கள்; அதில் உங்கள் பங்கு எது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கை எடுத்ததும் மாதிரிகளை மூடிவிடுங்கள்.

மாதிரியிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்கக் கூடாது. கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. 2012இல் யூசிஎல்ஏ ஆண்டர்சன் பள்ளி 52 விண்ணப்பங்களைக் காப்பியடித்த காரணத்துக்காகவே நிராகரித்தது. சொற்களை மாற்றிப் போட்டாலும் தொடக்க உத்தி காட்டிக்கொடுக்கும். நள்ளிரவில் போன் அடிக்கும் முதல் வரியைப் படித்துப் படித்துத் தேர்வுக் குழுவினருக்கு அலுத்திருக்கும்!

இன்னொன்று: வெளியாகும் மாதிரிகள் பெரும்பாலும் இடம் கிடைத்தவர்களுடையவை. அவர்களின் ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம் எதுவும் நம் கண்ணில் படாது. சுமாரான கட்டுரையோடும் உள்ளே போனவர்கள் உண்டு. 'இப்படி எழுதியதால் கிடைத்தது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் ஐம்பது கட்டுரைத் தொகுப்பை விடுங்கள். ஒரே கட்டுரையின் முதல் டிராஃப்ட், ஓரக் குறிப்புகள், கடைசி வடிவம் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அதை வாங்கலாம். எதை, ஏன் வெட்டினார்கள் என்று அதில்தான் தெரியும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் இதே கட்டுரையைத் தன்னுடையது என்று கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், எந்தப் பத்தி வரை முடிகிறதோ அதுவரை திருப்பி எழுதுங்கள்.