எல்லையில் நிற்கும் மரம் யாருடையது?

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது, பழைய கம்பி வேலிதான். வேலியை ஒட்டி இரண்டு மரங்கள். ஒன்று எங்கள் பக்கம், வேலியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறது. இன்னொன்று வேலிக் கம்பியையே விழுங்கிக்கொண்டு நடுவில் நிற்கிறது. இரண்டும் என் மாமனார் நட்டவை, இருபத்தைந்து வருடம் இருக்கும். பக்கத்து வீட்டைப் புதியவர்கள் வாங்கியிருக்கிறார்கள். மதில் எழுப்பப் போகிறார்களாம். "சருகு கொட்டுகிறது, கிளை கூரையில் உரசுகிறது, வேர் தரையைத் தூக்குகிறது, அதனால் இரண்டு மரத்தையும் எடுத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது" என்று சொல்லிவிட்டார் அந்த வீட்டுக்காரர். என் கணவரோ, பகை வேண்டாம் விட்டுவிடு என்கிறார். எங்களுக்கு உரிமையே கிடையாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முதலிலேயே தனியாக அனுப்பச் சொல்லிவிட்டேன். இதே சிக்கலில் இருப்பவர்கள் பலர் என்பதால் இங்கேயும் வருகிறது.

உரிமை இருக்கிறது. ஆனால் "இரண்டு மரம்" என்று அவரும் நீங்களும் சேர்த்தே பேசுகிறீர்களே, அங்கேதான் குழப்பம். சட்டத்தின் கண்ணில் அவை இரண்டும் வேறுவேறு. இன்னொன்று, எந்த நாட்டில் இருக்கிறீர்கள், என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பெரும்பாலும் எங்கும் செல்லுபடியாகிற விஷயங்களைச் சொல்லி, நாட்டுக்கு நாடு மாறும் இடங்களையும் காட்டுகிறேன்.

முதலில் இன்றே செய்ய வேண்டியது. ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: "எல்லை எது என்பது அளந்து முடிவாகும்வரை இரண்டு மரங்களையும், அவற்றின் வேர்களையும் வெட்ட எங்களுக்குச் சம்மதம் இல்லை. கூரையில் உரசும் கிளையை எங்கள் செலவில் கழித்துத் தருகிறோம். நிலத்தை அளக்கும் நாளைச் சேர்ந்து முடிவு செய்வோம்." தேதி போட்டுக் கையெழுத்திட்டு நேரில் கொடுங்கள், அதையே படம் எடுத்து அவர் செல்பேசிக்கும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை நாளைக்கு யாரும் நிரூபிக்க முடியாது. சும்மா இருந்துவிட்டால், "அவர்கள் மறுப்புச் சொல்லவே இல்லையே" என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும். மர விவகாரத்தில் இது பெரிய ஆபத்து. மதிலை இடித்துவிட்டால் திரும்பக் கட்டலாம். இருபத்தைந்து வருட மரத்தை எந்தக் கோர்ட்டாலும் திரும்ப நட்டுத் தர முடியாது, பணம்தான் வாங்கித் தரும்.

சரி, முதல் மரம். உங்கள் பக்கம் இரண்டடி உள்ளே நிற்பது. மரம் யாருடையது என்பதைப் பெரும்பாலான சட்டங்கள் தூரை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. அடிமரம் மண்ணைவிட்டு எழும் இடம் முழுக்க உங்கள் நிலத்தில் இருந்தால் மரம் உங்களுடையது. கிளை அங்கே போனாலும், வேர் அங்கே போனாலும், நிழல் முழுக்க அவர் முற்றத்தில் விழுந்தாலும் உங்களுடையதுதான். அதை அடியோடு வெட்ட அவருக்கு உரிமை கிடையாது. உங்கள் அனுமதி இல்லாமல் ஆளை உள்ளே விட்டு வெட்டினால் அத்துமீறல், இழப்பீடும் கேட்கலாம்.

ஆனால் அவர் பக்கம் நீண்டிருக்கும் கிளைகள் வேறு கதை. இங்கிலாந்தில் 1894-இல், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கில், தன் நிலத்துக்குள் நீண்ட கிளையை எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம், முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை, ஆனால் பக்கத்து நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இன்றும் இதுதான் அடிப்படை. வெட்டிய கிளையும் அதிலிருக்கும் காயும் மரத்துக்காரருடையவை என்பது இதே மரபில் வருவது. ஐரோப்பாவின் மற்ற பல நாடுகளில் வேறு மாதிரி. பிரான்சில் வேரை அவரே எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம், கிளையை மட்டும் தானாக வெட்டக் கூடாது, உங்களை வெட்டச் சொல்லி வற்புறுத்தத்தான் முடியும். ஜெர்மனியில் கிளைக்கு நியாயமான கெடு கொடுத்த பிறகுதான் கை வைக்கலாம், அதுவும் அந்தக் கிளையால் அவருக்கு இடைஞ்சல் இருந்தால்தான். ஜப்பானில் கிளையை மரத்துக்காரர்தான் வெட்ட வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது. 2023 ஏப்ரல் முதல், கேட்டும் வெட்டாவிட்டால் பக்கத்துக்காரரே வெட்டிக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, உங்கள் ஊர்ச் சட்டத்தை வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது அவசியம். அரைமணி நேர வேலை.

எல்லைவரை வெட்டலாம் என்றால் மரம் பட்டுப்போகிற அளவுக்கு வெட்டலாம் என்று ஆகாது. கலிபோர்னியாவில் ஒருவர் தன் எல்லைக்குள்ளேயே மூன்றடி ஆழம் தோண்டிப் பக்கத்து வீட்டு மரத்தின் வேர்களை அறுத்தார். மரத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. என் நிலத்தில் நான் எப்படி வேண்டுமானாலும் வெட்டுவேன் என்ற அவர் வாதத்தை 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வெட்டும் உரிமை இருந்தாலும் அடுத்தவர் மரத்துக்குக் கேடு வராதபடி பொறுப்பாக வெட்ட வேண்டும் என்றது.

உண்மையில் உங்கள் மரத்துக்கு எமன் கிளை வெட்டு இல்லை, மதில் அஸ்திவாரம்தான். இதை அனுபவித்திருப்பதால் சொல்கிறேன். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மதில் கட்ட வாய்க்கால் தோண்டினார். மரத்தைத் தொடவே இல்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். நான் எட்டிப் பார்த்தபோது மணிக்கட்டுப் பருமனில் ஏழெட்டு வேர்கள், வெட்டுவாய் வெள்ளையாக, வாய்க்கால் சுவரோடு சுவராக அறுபட்டிருந்தன. இலை எதுவும் வாடவில்லை. ஆறேழு மாதம் கழித்துக் காற்றுக்காலத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் தூரைச் சுற்றி, வாய்க்கால் தோண்டிய பக்கம், மண்ணில் விரல் நுழைகிற அளவு விரிசல். அன்று இரவே மரம் எங்கள் சமையலறைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இழுத்துப் பிடிக்க அந்தப் பக்கம் வேர் இல்லை, வேறென்ன.

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே படர்ந்திருக்கும். ஆழமாகப் போய்விட்டது, மேலே தோண்டினால் ஒன்றும் ஆகாது என்று கொத்தனார் சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு தூரம் காக்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டனில் கட்டுமானத்துக்கான பி.எஸ். 5837 என்ற தரநிலை ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவோ, அதைப்போல் 12 மடங்கு தூரம் சுற்றிலும் வேர்ப் பகுதி. தையல் டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றி அளங்கள். 125 செ.மீ. வந்தால் 3.14-ஆல் வகுக்க, குறுக்களவு ஏறக்குறைய 40 செ.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 4.8 மீட்டர். உங்கள் மரமோ வேலியிலிருந்து இரண்டடி. மதில் எங்கே வந்தாலும் அந்த வட்டத்துக்குள்தான் விழும்.

அதற்காக மதிலே கட்டக் கூடாது என்று நீங்கள் சொல்ல முடியாது, அது அவர் உரிமை. தொடர்ச்சியாக வாய்க்கால் தோண்டாமல், இடைவெளி விட்டுச் சில குழிகள் மட்டும் கையால் தோண்டித் தூண் எழுப்பி, வேர்களுக்கு மேலே தரையைத் தொடாமல் ஒரு உத்தரம் போட்டு அதன்மேல் மதிலைக் கட்டலாம். பொறியாளருக்கு இது புதிதில்லை. செலவு கொஞ்சம் கூடும். கூடுதல் செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், மரச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

இரண்டாவது மரத்துக்கு வருவோம். கம்பியை விழுங்கிய மரம். தூர் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்தால் அது பல நாடுகளில் இருவருக்கும் பொதுச் சொத்து. யார் நட்டார் என்பது பெரும்பாலும் கணக்கில் வராது, மாமனார் நட்டதாகவே இருந்தாலும். இது பழைய வழக்கம். ரோமானியச் சட்டத்திலேயே எல்லை மரம் இருவருக்கும் பொது என்று இருக்கிறது. பொது என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெட்ட முடியாது, அதேபோல் அவர் சம்மதம் இல்லாமல் நீங்களும் தொட முடியாது. இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. ஜெர்மன் சட்டத்தில் எல்லை மரத்தை எடுக்கச் சொல்லி எந்தப் பக்கத்தவரும் கேட்கலாம், வெட்டிய மரம் இருவருக்கும் சரிபாதி. எனவே, வருத்தமாக இருந்தாலும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், இந்த மரத்தில் உங்கள் பிடி முதல் மரத்தைவிடத் தளர்வுதான். ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் உள்ளே நிற்பதற்காகப் போராடுங்கள்.

ஆனால் அது எல்லையில்தான் நிற்கிறதா? கம்பி வேலி போட்ட இடமெல்லாம் எல்லை ஆகிவிடாது. வேலி போட்ட அன்று குழி தோண்டப் பாறை தட்டுப்பட்டிருக்கும், ஓரடி தள்ளி நட்டிருப்பார்கள். பத்திரத்தையும் நில வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உரிமம் பெற்ற நில அளவரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து, செலவைப் பாதி பாதியாக. அளந்து பார்த்தால் அந்த மரம் முழுக்க உங்களுடையதாக இருக்கலாம். முழுக்க அவருடையதாகவும் இருக்கலாம், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய இன்னொன்று, அவர் மரமே என்றாலும் நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாத ஊர்கள் நிறைய. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மர அலுவலரின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி வேண்டும். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் நாளைக் காலையே கேட்டுவிடுங்கள். அனுமதி வாங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது அவர் புகார்கள். சருகை விடுங்கள், இலை உதிர்க்காத மரம் உலகத்தில் இல்லை, அதற்காக மரத்தை எடுக்கச் சொல்லும் சட்டத்தை நான் பார்த்ததில்லை. கூரையில் உரசும் கிளை நியாயமான புகார். காத்திருக்காமல் கழித்துவிடுங்கள். தெரிந்த ஆளாக வைத்து, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே வெட்டச் சொல்லுங்கள், அந்த வளையம்தான் காயத்தை மூடும். முதலில் கீழிருந்து ஒரு வெட்டு கொடுக்கவில்லை என்றால் கிளை முறியும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். உச்சியை மொட்டை அடிக்க விடாதீர்கள். வேர் தரையைத் தூக்குவதையும் நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். அவர் சொல்லிவிட்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. நாளைக்கு அதனால் சேதம் வந்தால் உங்கள் தலையில்தான் விழும். மரம் உங்களுடையது என்று சொல்லும்போது இதுவும் கூடவே வருகிறது. மரம் நலமாக இருக்கிறது, விழும் நிலையில் இல்லை என்று மர நிபுணர் ஒருவரிடம் எழுதி வாங்கி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் உதவும்.

எல்லாம் சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்துவிட்டால்? மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ரம்பத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். உங்கள் பக்கம் நின்று வீடியோ எடுங்கள், கொடுத்த கடிதத்தை வேலை செய்ய வந்தவரிடமும் காட்டுங்கள். தகராறு உள்ள மரம் என்று தெரிந்தால் பல பேர் ரம்பத்தை இறக்கி வைத்துவிடுவார்கள், அவர்களுக்கு எதற்கு வம்பு. கேட்கவில்லை என்றால் காவல்துறை. திங்கட்கிழமை கோர்ட்டில் இடைக்காலத் தடை கேட்கலாம், வெட்டிய பிறகு அது கிடைத்து என்ன பயன் என்பதால் வக்கீலிடம் வெள்ளிக்கிழமைக்குள் பேசி வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால், இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு தூரையும் வேலியையும் டேப் நீட்டிப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். வெட்டி, வேரையும் பிடுங்கி, மண் நிரப்பிய பிறகு மரம் எங்கே நின்றது என்று காட்ட வேறு சாட்சி இருக்காது.

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் இல்லை. அந்த வீட்டுக்காரர் முகத்தில் இனி தினமும் முழிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். கடிதத்தைக் கொடுக்க உங்கள் கணவரையே அனுப்புங்களேன். சண்டை பிடிக்காத ஆள் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே கடிதம் வேறு மாதிரி படிக்கப்படும்.

அப்புறம், அந்த இரண்டாவது மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று கடைசியில் முடிவானால், உள்ளே எத்தனை கம்பி, எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதை வெட்டுகிறவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். மரத்துக்குள் புதைந்த கம்பியில் சங்கிலி ரம்பம் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கலாம், பிடித்திருப்பவர் மேலேயே.