ஓட்டக் களம்: புத்தாண்டு இலக்கு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஜனவரி முதல் தேதியில் ‘ஹாஃப் மாரத்தான், 2 மணி நேரம்’ என்று நாட்காட்டியில் எழுதி வைக்கிறேன். பிப்ரவரியில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து எல்லாம் நின்றுபோகிறது. 10 கிலோமீட்டர் ஓட எனக்கு 70 நிமிடம் ஆகும். அக்டோபரில் கோலாலம்பூரில் ஓட ஆசை. இலக்கை மாற்ற வேண்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: மாற்றத்தான் வேண்டும். 21.1 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி வேகம் தேவை. நீங்கள் 10 கிலோமீட்டரையே 7 நிமிட வேகத்தில்தான் ஓடுகிறீர்கள். 10 கிலோமீட்டர் நேரத்தை 2.2ஆல் பெருக்கினால் ஹாஃப் மாரத்தான் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். உங்கள் கணக்கு 154 நிமிடம், அதாவது 2 மணி 34 நிமிடம். அதுவும் நீண்ட ஓட்டங்களை ஒழுங்காக ஓடி முடித்தவருக்கு மட்டும். நம்மூர்ப் புழுக்கத்தையும் சேர்த்து ‘2 மணி 40’ என்று எழுதுங்கள், அதையும் ஓரத்தில் சிறிதாக. பெரிய எழுத்தில் எழுத வேண்டியது ‘வாரம் 3 நாள்’. பந்தய நாளின் வானிலை உங்கள் கையில் இல்லை. செவ்வாய்க்கிழமை சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

வலிக்குக் காரணமும் அந்த 2 மணி நேர இலக்குதான். ஓடாமல் கிடந்த டிசம்பருக்குப் பிறகு எல்லா ஓட்டத்தையும் வேகமாக ஓடியிருப்பீர்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு பழக மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலருக்குக் கால் மாட்டிக்கொள்கிறது. (ஜனவரியில் பூங்காக்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, மார்ச்சில் தாராளமாகக் கிடைக்கும்.)

மார்ச் வரை செவ்வாய், வியாழன் 30 நிமிடம், ஞாயிறு 45 நிமிடம் போதும். வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் அல்லது அதைவிட மெதுவாக, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களில் 2 நாள் என்று இப்போதே குறித்துவிடுங்கள். அப்போது அது தவறவிட்ட நாளாகத் தெரியாது. ஏப்ரலில் ஞாயிறு ஓட்டம் 8 கிலோமீட்டர். மூன்று வாரம் வாரத்துக்கு 1 கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 17, 18 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். உங்கள் பக்கத்துத் தித்திவங்சா ஏரிப் பூங்கா இதற்குத் தோதான இடம். காலை 6 மணிக்கே கிளம்புங்கள். அப்போது காற்றில் ஈரம் அதிகம்தான், ஆனால் தலைமேல் வெயில் இல்லை.

வலி மறுபடி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்றால் ஓடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அது நுண்முறிவாக, அதாவது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு, மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று ஓடப் போய்விடாதீர்கள்.

கேள்வி: ஆண்டு இறுதியில் பினாங்குப் பாலத்தில் 42 கிலோமீட்டர் ஓட நினைக்கிறேன். ஹாஃப் மாரத்தானை இருமுறை 2 மணி 30 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். பிப்ரவரியில் நோன்பு தொடங்குகிறது. பயிற்சி கெட்டுவிடுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: கெடாது. டிசம்பர் பந்தயத்துக்கான கனத்த பயிற்சி ஆகஸ்டில்தான் தொடங்கும். நோன்பு மாதத்தில் வாரம் 3 நாள், நோன்பு திறக்க 30 நிமிடம் இருக்கும்போது மெதுவோட்டம் கிளம்புங்கள். வீடு திரும்பியதும் தண்ணீர் காத்திருக்கும். நீண்ட ஓட்டம் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தலை சுற்றினால் நடந்து வீடு திரும்புங்கள்.

ஹாஃப் மாரத்தான் நேரத்தை 2.1ஆல் பெருக்கினால் உங்கள் கணக்குக்கு 5 மணி 15 நிமிடம் வரும். முதல் முறை என்பதால் 5 மணி 40 வரை விட்டுக்கொடுங்கள். இந்தப் பந்தயம் நள்ளிரவு தாண்டித் தொடங்கி வந்திருக்கிறது. கால் தயாராக இருந்தும் தூக்கமும் வயிறும் காலை வாரிவிடும். நவம்பரில் இரண்டு நீண்ட ஓட்டங்களையாவது நள்ளிரவில் ஓடிப் பாருங்கள். கிளம்ப நான்கு மணி நேரம் முன்பு சோறு சாப்பிடுங்கள். அன்றைக்கு மட்டும் நாசி கண்டார் சோற்றில் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு மெதுவாக ஓடினாலும் என் கடிகாரம் நாடித்துடிப்பைச் சிவப்பிலேயே காட்டுகிறது. உடம்பில் கோளாறா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பெரும்பாலும் கடிகாரத்தின் கணக்கில்தான். உச்ச நாடித்துடிப்பைக் கணிக்க 220இல் வயதைக் கழிக்கும் சூத்திரம் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு தவறும். புழுக்கத்தில் தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் போவதால், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். கடிகாரத்தை விட்டுவிட்டு, ஓடும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு இருந்தால் மட்டும் கதை வேறு: ஓடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.