மெமரி கார்டைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். உலர்களம், கிடங்கு இரண்டின் வெப்பத்தையும் பதிவு செய்யவும், கிடங்கு மின்விசிறிகளையும் நாற்பது மீட்டர் தள்ளி பல்பர் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) கொட்டகையில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரையும் இயக்கவும் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் போர்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதனுடன் மூன்று டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்கள், எட்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட போர்டு, யுஎஸ்பி மோடம் ஆகியவை உள்ளன. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு மெமரி கார்டு கெட்டுவிடுகிறது. மோட்டாரைப் போட்டால் சில நேரம் ராஸ்பெரி பை போர்டு தானாகவே மறுபடி பூட் ஆகிறது. கரண்ட் போய் வந்தால் பதிவில் நேரம் தவறாக விழுகிறது. சில சமயம் கிடங்கின் வெப்பம் 85 டிகிரி என்று வருகிறது. ராஸ்பெரி பை 5-ம், எஸ்எஸ்டி பொருத்தும் ஹேட் என்ற துணைப் பலகையும் வாங்கிவிட்டால் இவையெல்லாம் தீருமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் நான்கு கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அவற்றில் மூன்றுக்கு வேர் ஒன்றுதான், போர்டுக்குப் போகும் 5 வோல்ட் மின்சாரம் நிலையாக இல்லை என்பது. நான்காவதான நேரக் கோளாறு கரண்ட் போவதால் வெளிப்பட்டாலும், அதற்கான மருந்து தனி. இந்த நிலையில் பை 5 வாங்கினால் சிக்கல் குறையாது, கூடும். அந்தப் போர்டுக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால், அது தன் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும். மோடமுக்கே அது இழுபறியாக இருக்கும். அது மட்டுமல்ல, பை 5-ல் ஜிபிஐஓ பின்கள் (சென்சார், ரிலே கம்பிகளை இணைக்கும் முனைகள்) ஆர்பி1 என்ற தனிச் சிப்பின் வழியாக இயங்குவதால், பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகத்தை நம்பி எழுதிய ரிலே நிரல் அங்கே ஓடாது. அதை வேறு நூலகத்துக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும். அறுவடை நேரத்தில் அந்த வேலையை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் சாதாரண செல்போன் சார்ஜிங் கேபிளில் மின்சாரம் செல்லும் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் என்ற மெல்லிய பருமன்தான் இருக்கும். ஒரு மீட்டர் கேபிள் என்றால் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என இரண்டு மீட்டர் கம்பி, அதன் தடை ஏறக்குறைய 0.43 ஓம். போர்டு மட்டும் 1 ஆம்பியர் இழுக்கும்போதே அந்தக் கம்பியில் 0.43 வோல்ட் கரைந்துவிடும். அடாப்டரில் 5.1 வோல்ட் கிளம்பினாலும் போர்டுக்கு 4.67 வோல்ட்தான் வந்து சேரும். ராஸ்பெரி பை தன் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைமின்னழுத்தம் என்று எச்சரிக்கும். ஆக, நீங்கள் கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கிறீர்கள். இதன் மேல் ரிலே சுமை ஏறுகிறது. சிறிய நீல நிறப் பெட்டி ரிலே ஒவ்வொன்றும் சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும், எட்டும் சேர்ந்தால் அரை ஆம்பியருக்கு மேல். மலையில் சிக்னல் தேடும் மோடம் இன்னொரு அரை ஆம்பியர் வரை கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அமைந்தால் மின்னழுத்தம் நாலே கால் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் கணத்தில் கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கார்டு பழுதாகும், எழுதாமல் இருந்தால் வெறும் ரீபூட்டோடு தப்பிக்கும்.

இது ஊகம்தானா என்று நீங்களே சோதித்துவிடலாம். போர்டின் நிலையைச் சொல்லும் விசிஜென்சிஎம்டி (vcgencmd) கட்டளையில் கெட்-த்ராட்டில்ட் (get_throttled) என்று கேட்டால், போர்டின் இயங்குதளமான லினக்ஸ் ஒரு எண்ணைத் தரும். 0 என்று வந்தால் பூட் ஆனதிலிருந்து மின்சாரம் குறையவில்லை. 50000 என்று வந்தால் முன்பு குறைந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு தேறியிருக்கிறது. 50005 என்று வந்தால் இந்த நொடியிலும் குறைவாகவே இருக்கிறது. மின்விசிறி ரிலேக்கள் அனைத்தையும் போட்டுவிட்டு, மோடமில் ஒரு செய்தியும் அனுப்பிய பிறகு இந்த எண்ணைப் பாருங்கள். மல்டிமீட்டரிலும் அளக்கலாம், ஆனால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்துபோகும் சரிவை மீட்டர் காட்டாது. மீட்டரில் அளப்பதாக இருந்தால் நாற்பது பின் வரிசையில் 4-வது பின்னிலும் 6-வது பின்னிலும் முனைகளை வையுங்கள். மூலையில் இருக்கும் 2-ம் பின்னில் வைக்காதீர்கள். அதுவும் 5 வோல்ட்தான் என்றாலும், அதன் பக்கத்திலேயே 3.3 வோல்ட் தரும் 1-ம் பின் இருக்கிறது. கை நழுவி இரண்டும் ஒட்டிவிட்டால் போர்டு அங்கேயே முடிந்துவிடும்.

சேலத்துக்கு அருகே ஒரு சேகோ ஆலையில் உலர்த்தி வெப்பத்தைப் பதிவு செய்யும் இதே போன்ற அமைப்பு ஒரே பருவத்தில் மூன்று கார்டுகளைத் தின்றது. கார்டு போலியா, லினக்ஸ் சரியில்லையா என்று இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் ஒன்றரை மீட்டர் வெள்ளை சார்ஜிங் கேபிளைக் கழற்றி, பருமனான கம்பி உள்ள அடாப்டரை மாட்டியபின் தொந்தரவு நின்றது. அன்றிலிருந்து யார் கார்டு கெட்டது என்று வந்தாலும் முதலில் கேபிளைத்தான் கையில் வாங்கிப் பார்க்கிறேன்.

மெமரி கார்டு ஏன் இவ்வளவு எளிதாகக் கெடுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில், எழுதிய இடத்திலேயே மேலெழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துத்தான் எழுத வேண்டும். ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க, கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் தரவுகளை ஓயாமல் இடம் மாற்றி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலும் பராமரிக்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் தடுமாறினால், நீங்கள் எழுதிய கோப்பு மட்டுமல்ல, மாதக்கணக்கில் தொடாத கோப்பும் காணாமல் போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்-4 கோப்பு அமைப்பு மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலும் இதைக் காப்பாற்றாது. கார்டு சொல்வதை நம்பித்தான் ஜர்னலே நடக்கிறது. எஸ்எஸ்டி இதைவிட உறுதியானது என்பது உண்மை, ஆனால் சாதாரண எஸ்எஸ்டியிலும் மின்வெட்டைத் தாங்கும் பாதுகாப்பு இருப்பதில்லை. மின்சாரத்தைச் சரி செய்யாமல் எஸ்எஸ்டி வாங்கினால், விலை கூடிய பொருள் கெடும், அவ்வளவுதான்.

மின்சாரத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி ஒன்றும், அதை 13.6 வோல்ட் அளவில் மிதவை நிலையில் வைத்திருக்கும் சார்ஜரும் வையுங்கள். பேட்டரியிலிருந்து இரண்டு தனித்தனி 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி) எடுத்து, ஒன்றைப் போர்டுக்கும் மற்றதை ரிலேவுக்கும் கொடுங்கள். பேட்டரியில் 84 வாட்-மணி இருந்தாலும் பாதியைத்தான் எடுக்கலாம். போர்டும் மோடமும் சேர்ந்து 7 வாட் என்றால் ஆறு மணி நேரம் வரும். மழைக்காலத்தில் கம்பியில் மரம் சாய்ந்து, இரவு முழுக்கக் கரண்ட் இல்லாத நாட்களும் மலையில் உண்டு. ஆகவே பேட்டரி இறங்கும்போது போர்டு தானாக முறைப்படி ஷட்டவுன் ஆக வேண்டும். இதற்கு லினக்ஸில் ஜிபிஐஓ-ஷட்டவுன் என்ற ஓவர்லே (கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியால் சேர்க்கும் வசதி) இருக்கிறது. குறைமின்னழுத்தத்தைக் கண்டு ஒரு பின்னைத் தரையோடு இணைக்கும் சிறு சுற்று ஒன்று போதும்.

ரிலே போர்டில் ஜேடி-விசிசி என்று எழுதிய இடத்தில் ஒரு சிறு ஜம்பர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஜேடி-விசிசிக்கும் அதன் அருகிலுள்ள கிரவுண்டுக்கும் இரண்டாவது கன்வெர்ட்டரை இணையுங்கள். விசிசி பின்னுக்கு ராஸ்பெரி பையின் 3.3 வோல்ட்டைக் கொடுங்கள். ஜம்பரோடு 5 வோல்ட் கொடுத்தால், பையின் பின் 3.3 வோல்ட் வரைதான் ஏறும் என்பதால் ரிலே சில நேரம் முழுதாக அணையாமல் தொங்கும். இந்த வகை ரிலே, அதை இயக்கும் ஜிபிஐஓ பின்னின் மின்னழுத்தம் தாழ்ந்தால் இயங்கக்கூடியது. பூட் ஆகும் சமயத்தில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உயர்ந்த நிலையிலும், 9 முதல் 27 வரை தாழ்ந்த நிலையிலும் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கேட்காமல் இயங்கக்கூடாத மோட்டாரை ஜிபிஐஓ 5 அல்லது 6-ல் வையுங்கள். மின்விசிறிகள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

மோட்டாரை அந்தச் சிறு ரிலேவில் நேரடியாக இயக்கவே கூடாது. அதில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓட்ட மின்சாரத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும், அதில் முனைகள் ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் மோட்டார் நிற்காது. எலெக்ட்ரீஷியனை வைத்துக் கொட்டகையிலேயே ஓவர்லோடு ரிலேயுடன் ஒரு காண்டாக்டர் (பெரிய சுமைக்கான மின்காந்த சுவிட்ச்) மாட்டுங்கள். அந்தக் காண்டாக்டரின் காயிலை மட்டும் உங்கள் ரிலே இயக்கட்டும், காயிலுக்குக் குறுக்கே மின்பொறியை அடக்கும் ஆர்சி ஸ்னப்பர் போட்டுவிடுங்கள். மோட்டாரைப் போட்டதும் போர்டு ரீபூட் ஆவதற்கு, மின்னழுத்தச் சரிவோடு மோட்டாரை இயக்கும் முனைகளில் எழும் மின்பொறியும் காரணமாக இருக்கலாம். அது தண்ணீர் இறைக்கும் மோட்டாராக இருந்தால், தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது அதை நிறுத்தும் வேலையையும் லினக்ஸிடம் விடாதீர்கள். தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றைக் காயில் வரிசையிலேயே சேர்த்துவிடுங்கள், கணினி தொங்கினாலும் மோட்டார் தப்பிக்கும்.

85 டிகிரிக்கு வருவோம். டிஎஸ்18பி20 சென்சாருக்கு மின்சாரம் வந்ததும், முதல் அளவீட்டை முடிக்கும் முன் அதன் நினைவில் இருக்கும் எண்ணே 85 தான். அளந்துகொண்டிருந்த நடுவே மின்சாரம் தடுமாறி சென்சார் புதிதாக எழுந்தால், லினக்ஸ் அந்த எண்ணையே படித்துவிடும். சரிபார்ப்பு எண்ணும் பொருந்தியே வருவதால் உங்கள் நிரல் அதை உண்மை என்று எழுதிக்கொள்கிறது. ஆகவே 85 என்பது வெப்பம் அல்ல, சென்சாருக்கு மின்சாரம் போய் வந்தது என்ற செய்தி. அதை வடிகட்டி எறியாமல் தனிக் கோப்பில் நேரத்தோடு குறித்து வையுங்கள். மோட்டார் ஓடிய நேரங்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் கோளாறின் ரேகை தெரிந்துவிடும். இரண்டு கம்பியில் சென்சாரை ஓட்டிக்கொண்டிருந்தால் மூன்று கம்பியாக மாற்றுங்கள். தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேரக் கோளாறுக்கு மருந்து மலிவு. பை 4-ல் கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் வந்ததும் லினக்ஸ் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கி, மோடம் இணைப்பு கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். அதுவரை எழுதிய பதிவுகள் எல்லாம் பழைய நேரத்தில் விழும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வாங்குங்கள், நம் ஊர் வெப்பத்தில் அது ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுதான் பிசகும். அதை 1-ம் பின்னின் 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைத்தால் இரண்டு தீங்கு உண்டு. மாட்யூலில் இருக்கும் ரெசிஸ்டர்கள் வழியாக 5 வோல்ட், அதைத் தாங்காத பையின் பின்களுக்கு வந்துசேரும். சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032 பேட்டரிக்குள்ளும் சார்ஜ் ஏறி அது வீங்கும். பிறகு கான்ஃபிக் கோப்பில் ஐ-2-சி (போர்டும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பு) பாதையைத் திறக்கும் வரியையும், ஆர்டிசி ஓவர்லேயில் டிஎஸ்3231 என்று சொல்லும் வரியையும் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவுக்கு இடம் மாறிவிட்டது. பழைய இடத்தில் எழுதினால் எதுவும் நடக்காது, பலர் இங்கேதான் ஒரு நாளை இழக்கிறார்கள். ஐ-2-சி பட்டியலில் 68 என்ற இடத்தில் யு யு என்று தெரிந்தால் லினக்ஸின் மையமான கர்னல் கடிகாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐ-2-சி ஒரு பெட்டிக்குள் ஓடுவதற்கான பாதை. பின்னாளில் பல்பர் கொட்டகையிலும் ஈரப்பத சென்சார் வைக்க நினைத்தால், ஐ-2-சி கம்பியை அங்கே இழுக்காதீர்கள். நீண்ட தூரத்துக்கு ஏற்ற ஆர்எஸ்-485 மாட்பஸ் இணைப்பில் பேசும் சென்சாரை முறுக்கிய ஜோடிக் கம்பியில் இணைத்து, யுஎஸ்பி மாற்றியின் வழியாகப் படியுங்கள், இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும். மாற்றி தனிமைப்படுத்தப்பட்ட வகையாக இருக்க வேண்டும். சித்திரை வைகாசி இடி மழையில் நாற்பது மீட்டர் செம்புக் கம்பி ஓர் ஆன்டெனாபோல மின்னதிர்வை வாங்கி வந்து போர்டில் இறக்கும்.

மின்சாரம் சீரான பிறகு, எழுதும் அளவைக் குறையுங்கள். ஐந்து நொடிக்கு ஒரு முறை எழுதினால் நாளுக்கு 17,280 முறை கார்டைத் தொடுகிறீர்கள். நினைவகத்தில் சேர்த்து வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் 144 முறைதான். காபி உலர்வதற்கு அந்த நுணுக்கம் தாராளம். அதன் பின் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு அமைப்பை இயக்கி, இயங்குதளம் இருக்கும் பகுதியை எழுத முடியாததாக ஆக்கிவிடுங்கள். தரவை மட்டும் தனியாக ஒரு யுஎஸ்பி டிரைவில் எழுதுங்கள். அது கெட்டாலும் போர்டு எழுந்து நிற்கும், கிடங்கு மின்விசிறிகள் சுற்றும்.

பெட்டியைக் கிடங்குச் சுவரில் மாட்டும்போது, கேபிள்கள் அனைத்தும் கீழ்ப்பக்கத்திலிருந்தே நுழையட்டும். நுழையும் முன் ஒவ்வொன்றும் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். மார்கழி விடியலில் கேபிள் மேல் வழியும் பனிநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே இறங்காது.